மதினியின் மூட்டுவலியும் சித்த வைத்தியமும்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்கத் தொடங்கிவிட்டான், மதினி மூட்டுவலியால் நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். அவளுக்குச் சித்த வைத்தியம் பார்க்கலாம் என்றதும் உன் மகன் சிரித்தானாமே! பாளையங்கோட்டையில் இருந்துகொண்டா சிரிக்கிறான்? 1964 முதல் அங்கே அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு, நீட் எழுதித்தான் சேரவேண்டும். அவனிடம் சொல்.

இங்கே நான் தோள்வலிக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குத்தான் போகிறேன். 2005-ல் திறந்தது. (பக்கத்தில் காசநோய்க்காக 1928-ல் தொடங்கிய சானடோரியத்தால்தான் ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்.) எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் தொக்கணத்தில் எனக்கு வலி நன்றாகக் குறைந்தது. முன்பெல்லாம் இங்கே நம் வயதுக்காரர்கள்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இப்போது கழுத்தில் கம்பெனி அட்டையோடு பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள்.

டெங்கு காலத்து நிலவேம்பும் 2020-ல் தெருமுனை அண்டாவில் கொடுத்த கபசுரக் குடிநீரும் இந்த மாற்றத்துக்குப் பெரிய காரணம். அரசே ஊற்றிக் கொடுத்தால் யார் மறுப்பார்கள்? ஆனால் கஷாயத்தால்தான் டெங்கு போனது என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோருக்கு அது தானாகவே இறங்கிவிடும் காய்ச்சல். மருந்தின் பங்கு எவ்வளவு என்று குடித்தவர் சொல்லை வைத்து முடிவுகட்ட முடியாது.

எனக்குக் கவலை வேறு. இங்கே வருகிற பலர் சர்க்கரை டாக்டரிடம் சூரணத்தைச் சொல்வதில்லை, சித்த வைத்தியரிடம் இங்கிலீஷ் மாத்திரையைச் சொல்வதில்லை. என்னோடு வரிசையில் நின்ற ஒருவர், "சொன்னா திட்டுவாங்க சார்" என்றார். திட்டட்டுமே! மூலிகைதானே என்று விட்டுவிட முடியாது. நிலவேம்பே சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம். கொரோனா சமயத்தில் சீந்தில் கொடி மருந்து சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் எழுதினார்கள். பற்பம், செந்தூரம் என்ற சித்த மருந்துப் பொடிகள் சிலவற்றில் பாதரசம் முதலான உலோகங்கள் சேரும். அவற்றைச் சுத்தம் செய்யும் முறை தெரியாதவர் செய்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. அதனால் வீடு தேடி வந்து லேகியம் விற்பவரிடமும், வீடியோ பார்த்தும் எதையும் வாங்க வேண்டாம்.

மதினியைக் கல்லூரி மருத்துவமனைக்கே அழைத்துப் போ. இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பையில் போட்டுக்கொள். அங்கே என்ன கொடுத்தாலும் பெயரை எழுதி வாங்கி உங்கள் டாக்டரிடம் காட்டு. வலிமாத்திரையை மட்டும் மெதுவாகக் குறைக்கலாமா என்று அவரிடமே கேள். சர்க்கரை மாத்திரையை, வேறு யார் சொன்னாலும், உங்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

போய்வந்ததும் எழுது. பேரன் போட்டோவும் அனுப்பு.

அன்புடன்,
கணபதி