வெள்ளியங்கிரியிலிருந்து எங்களைப் பத்திரமாக இறக்கிவிட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

புதுச்சேரியிலிருந்து கோவை அருகே உள்ள வெள்ளியங்கிரிக்குப் போய், ஏழு மலையும் ஏறி, ஒருவருக்கும் கால் பிசகாமல் ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். ஏற்றிவிட்டது ஆண்டவர். இறக்கிவிட்டவர்கள் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் கும்பிடு நெல்லித்தோப்பில் செருப்புத் தைக்கும் பெரியவருக்கு. ஐயா, நாங்கள் கொண்டுவந்து கொட்டிய ஷூக்களை ஒவ்வொன்றாக வளைத்து, அடிப்பாகத்தின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தே பாதியைக் கழித்துக்கட்டினீர்கள். பார்வைக்கு அவை புதுசு, பெட்டியிலேயே வருஷக்கணக்காகக் கிடந்தவை. ஆனால் பாலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த அடி காற்றின் ஈரத்தில் தானாகவே உளுத்துப்போகும், போடாமல் வைத்திருந்தாலும் தப்பாது. நம்மூர்க் கடற்காற்றில் கேட்கவே வேண்டாம். சமதரையில் நடக்கும்போது ஒன்றும் தெரியாது. இறக்கத்தில் உடம்பின் எடை முன்பாதத்தைத் தள்ளும்போதுதான் வாயைப் பிளக்கும். நகத்தில் மாவாக உதிர்ந்ததையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னீர்கள். பசை மட்டும் விட்டிருந்த ரப்பர் அடிகளை, மெழுகு தேய்த்த நைலான் நூலால் சுற்றிலும் தைத்துக் கொடுத்தீர்கள். ஒட்டியது மலையில் பிரியும், தைத்தது வீடு வந்து சேர்க்கும் என்றீர்கள். சேர்த்துவிட்டது ஐயா.

அடுத்து, முத்தியால்பேட்டை மருந்துக்கடைத் தம்பிக்கு. வலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஏறலாமா என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி. வியர்த்து நீர் வற்றிய உடம்பில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். காயம் பட்ட முழங்கால் எச்சரிப்பதையும் அமுக்கிவிடும். பதிலுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுத்து, ஒன்றுக்கு முழுசாக ஒரு லிட்டர் தண்ணீர் என்று அழுத்திச் சொன்னாய். அரை லிட்டரில் கரைத்தால் உப்பு மிஞ்சி நல்லதற்குப் பதில் கெடுதல். பொட்டலம் தீர்ந்தால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்று எழுதித் தந்த சீட்டும் பத்திரமாக இருக்கிறது.

ரத்த அழுத்தம் பார்த்து இரண்டு பேரை ஏற வேண்டாம் என்று நிறுத்திய மருத்துவருக்கும், முகம் கோணாமல் மலையின் பூண்டி அடிவாரத்தில் தங்கி மூட்டைகளைப் பார்த்துக்கொண்ட அந்த இருவருக்கும் நன்றி. 2024 பருவத்தில் அந்த மலையில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களைப் படித்த பிறகு, நிறுத்துகிற மருத்துவரோடு வாதாட யாருக்கும் வாய் வரவில்லை.

ஏறுவதற்கு மாடிப்படியில் பழகலாம். இறங்கப் பழக ஒரு மலை வேண்டும். புதுச்சேரியில் மேடு என்றால் கோரிமேடு, அங்கே சைக்கிள்காரருக்குத்தான் மூச்சு வாங்கும். அதனால் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியாமல் போவது அதனால்தான். ஒருமுறை அப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு பிடித்துக்கொள்ளாது. ஆகவே பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக அந்தக் கோட்டையின் ராஜகிரி மலைப் படிகள். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டையை உடற்பயிற்சிக் கூடமாக்கியதைச் செஞ்சிக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரம் பார்த்து விசில் ஊதிக் கீழே இறக்கிவிட்ட காவலர்களுக்கும், கோட்டை வாசலில் மோர் விற்ற அக்காவுக்கும் நன்றி.

பூண்டியில் மூங்கில் தடி விற்ற அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணே, கையில் எடுத்ததைப் பிடுங்கி வைத்துவிட்டு வேறு தடி கொடுத்தீர்கள். அடிமுனை கணுவில் முடிந்திருக்க வேண்டும், கணு தாண்டி வெட்டிய தடி கல்லில் குத்தக் குத்தப் பிளந்து தும்பாகிவிடும் என்று காட்டினீர்கள். உயரம் நெஞ்சுக்குக் குறையக் கூடாது என்றதன் அர்த்தம் இறங்கும்போது புரிந்தது. கீழ்ப்படியில் முதலில் தடி, பிறகுதான் கால். குட்டைத் தடியென்றால் அதற்குக் குனிய வேண்டும், குனிந்தால் முதுகுப்பை முன்னால் தள்ளும்.

போளுவாம்பட்டி வனச்சரகப் பணியாளர்கள் பையைக் கொட்டிச் சோதித்து, பிஸ்கட்டுகளை உறையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வரிசை நீளும்போது எரிச்சல் வருவது உண்மை. யானை நடமாடும் காட்டில் உப்பு வாடை அடிக்கும் உறை என்ன செய்யும் என்று யோசித்தால் அடங்கிவிடும்.

மலைமேல் கடை போட்டிருப்பவர்களுக்கும், அந்தச் சரக்கைத் தோளில் சுமந்து ஏற்றுபவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஐந்தாவது மலையில் திறந்த வெளி, காற்று சுழற்றி அடிக்கிறது. வியர்வை காயவே காயாத ஊர்க்காரர்கள் நாங்கள். நனைந்த பனியனோடு அங்கே நின்றால் பல் தந்தியடிக்கும். உட்காரவிடாமல் முதலில் உலர்ந்த பனியனை மாற்றச் சொல்லி, அப்புறம் சுக்குக் காபி கொடுத்த அம்மா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

பெயர் கேட்காமல் விட்டுவிட்ட ஈரோட்டுத் தம்பி ஒருவர். தலையில் கட்டிய விளக்கு மட்டும் போட்டு இறங்கினால் வெளிச்சம் கண்ணோடு சேர்ந்தே போவதால் நிழல் விழாது, படியின் விளிம்பு தெரியாது என்றார். கைவிளக்கை இடுப்பளவில் பிடித்துக் காட்டினார். ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த விளக்கை எங்களிடமே கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார். வெள்ளை விநாயகர் கோயிலுக்குக் கீழே முதல் மலையின் படிகளை இறங்கும்போதுதான் அதன் அருமை தெரிந்தது. ஏழு மலையும் முடிந்த மாதிரி மனசு சொல்லும், கால் நடுங்கும், படியோ ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது சாண் உயரம். விழுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். தம்பி, விளக்கை முகவரி சொன்னால் அனுப்பி வைக்கிறோம்.

கடைசியாக எங்கள் வேன் ஓட்டுநருக்கு. ஆசை இருந்தும் ஏறாமல், இரவு முழுக்க அடிவாரத்தில் தூங்கி எழுந்து, சேலம், உளுந்தூர்பேட்டை வழியாக ஒரே சீராக ஓட்டி வந்தார். மலை ஏறி இறங்கியவர் கையில் அன்றைக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கவே கூடாது.

தடிகள் எங்களிடம் இருக்கின்றன. அடுத்த பருவத்தில் பிப்ரவரிக்கு மேல் ஏறப்போகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு முன் அடிக்கணுவில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு நடைக் கூட்டாளிகள்,
புதுச்சேரி.