சிலிண்டருக்குள் இருக்கும் அளவுகோல்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து, மலைமேல் உள்ள நிலையத்துக்கு மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. காற்றிலுள்ள வாயுக்களைப் பிரித்து அளக்கும் புதிய வாயு நிறவரைவி வந்துவிட்டது, இனி அதைச் சரிபார்க்க, செறிவு தெரிந்த கலவை அடங்கிய ஒரு தர வாயு சிலிண்டர் வாங்கினால் போதும் என்றும் எழுதியிருந்தாய். அந்த ‘ஒரு’தான் என்னை உடனே பதில் எழுத உட்காரவைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஐசோப்ரீன் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதாக எங்கள் பதிவேடு காட்டியது. மரங்கள் வெளியிடும் வாயுதானே, கோடை வெப்பம் கூடியதால் இதுவும் கூடியிருக்கும் என்று நாங்களே காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஒரு நாள் பிற்பகல், பழைய தர வாயு வரைபடங்களையெல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வாயுவுக்கும் எழுந்த சிகரத்தின் பரப்பையும் சான்றிதழில் உள்ள செறிவாலும் அந்தச் சேர்மத்தின் கார்பன் எண்ணிக்கையாலும் வகுத்துப் பார்த்தேன். வாயுவைச் சுடரில் எரித்து அளக்கும் சுடர் அயனியாக்கக் கண்டுணரி பெரும்பாலும் கார்பன் அணுக்களை எண்ணித்தான் பதில் சொல்லும் என்பதால், ஐந்து கார்பன் உள்ள ஐசோப்ரீனுக்கும் மூன்று கார்பன் உள்ள புரோப்பேனுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். முதலாண்டு வரைபடத்தில் அப்படியே வந்தது. மூன்றாம் ஆண்டில் ஐசோப்ரீன் தெளிவாகக் கீழே இறங்கியிருந்தது. புதிய சிலிண்டரை இணைத்ததும் ஐயம் தீர்ந்தது. பழைய சிலிண்டருக்குள் ஐசோப்ரீன் குறைந்துகொண்டே போக, வெளியே ஒட்டிய சீட்டில் எண் மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. தர வாயு தேய்ந்தால் காற்று கொழுத்ததுபோல் தெரியும், இளங்கோ. மூன்றாண்டு எண்களையும் திருத்தி எழுதினோம்.

நூறு கோடியில் சில பங்கு என்ற அளவுக்கு ஒரு கலவையை நம்பகமாகச் செய்வதே பெரும்பாடு. வெற்றிடமாக்கிய சிலிண்டரில் தூய ஹைட்ரோகார்பனைச் சிறிது செலுத்தி எடைபோட்டு, நைட்ரஜன் நிரப்பி மீண்டும் எடைபோட்டு, அதிலிருந்து ஒரு பங்கை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் படிப்படியாக நீர்க்கச் செய்யவேண்டும். பத்து லிட்டர் இடத்தை அடைக்கும் சிலிண்டர் ஏறக்குறைய 12 கிராம் காற்றை விலக்குகிறது; அவ்வளவு எடை தராசில் குறைந்து தெரியும். அறையின் காற்றழுத்தம் ஒரு சதவீதம் மாறினாலே தராசில் 120 மில்லிகிராம் வேறுபாடு வந்துவிடும். அதனால்தான் அதே வடிவமுள்ள காலிச் சிலிண்டரை எதிரெடையாக வைத்து ஒப்பிடுகிறோம். கையுறை அணியாமல் தொட்ட சிலிண்டரை நான் தராசில் ஏற்றுவதில்லை.

அளவுகோல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு மீத்தேனின் கதையே போதும். அமெரிக்காவின் போல்டரில் உள்ள நோவா (தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம்) ஆய்வகம், எடைபோட்டுத் தயாரித்த புதிய தர வாயுக்களின் அடிப்படையில் 2005-இல் தன் அளவுகோலை மாற்றியபோது, 1983 முதல் வழங்கிவந்த பழைய அளவுகோலின் எண்களை 1.0124 ஆல் பெருக்கவேண்டியிருந்தது. காற்றின் மீத்தேன் அன்று நூறு கோடியில் 1,750 பங்கு அளவில் இருந்ததால், வேறுபாடு 22 பங்குக்குச் சற்றே குறைவு. மீத்தேன் வேகமாக ஏறும் ஓராண்டில்கூட அவ்வளவு ஏறுவதில்லை. எந்த அளவுகோலில் எழுதியது என்று குறிக்காத பழைய குறிப்பேட்டைப் பார்த்தால் எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

உன் வேலைக்கு வருகிறேன். டெடிங்டனில் உள்ள பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம், ஓசோன் உருவாக்கத்துக்குத் துணைபோகும் 30 ஹைட்ரோகார்பன்கள் அடங்கிய கலவையை, ஒவ்வொன்றும் நூறு கோடியில் 4 பங்கு அளவில் இருக்கும்படி தயாரிக்கிறது. அதை முதன்மையாக வைத்துக்கொள். அதைத் தினமும் செலவழிக்காதே. வேறொரு சிலிண்டரை அன்றாட வேலைக்கு வைத்து, மாதம் ஒருமுறை முதன்மையோடு ஒப்பிட்டு, வேற்றுமையை வரைபடமாக வரைந்து வா. அழுத்தம் மிகவும் இறங்கிய பிறகு எந்தச் சிலிண்டரையும் நம்பாதே. சுவரில் ஒட்டியிருந்த மூலக்கூறுகள் அப்போது விடுபட்டுக் கலவையைக் கெடுக்கும். ஐசோப்ரீனும், அதைப்போல மரங்கள் வெளியிடும் பைனீன்களும் உனக்கு முக்கியம் என்றால், உட்சுவர் எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று கேட்காமல் வாங்கவேண்டாம்.

அடுத்த ஆனியில் நான் ஓய்வு பெறுகிறேன். அதற்குமுன் எங்கள் கலவை ஒன்றை, செறிவு எழுதாமல், உனக்கு அனுப்பிவைக்கிறேன். நீ அளந்து எண்களை எழுதி அனுப்பு. உறையில் மூடிவைத்த என் எண்களை அதன் பிறகே பிரிப்போம்.

அன்புடன்,
மாணிக்கம்