எங்கள் மகளோடு உட்கார்ந்து கேட்டவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

கேட்கும் திறன் குறைந்து, காது மெஷின் போட்டிருக்கும் எங்கள் மகள் இப்போது கதைப் புத்தகத்தைத் தானே எடுத்து வாசிக்கிறாள். வேகம் குறைவுதான். ஒற்றெழுத்து வரும் இடங்களில் நின்று நின்றுதான் போகிறாள். ஆனால் பாதியில் நிமிர்ந்து, "இந்த நரி ஏன்ப்பா பொய் சொல்லுது?" என்று கேட்கிறாள். அதாவது, வாசிப்பது புரிகிறது. இதற்கு யார் யார் காரணமோ அவர்களுக்கு நேரில் நன்றி சொல்லப் போனால், "அது எங்க வேலைங்க" என்று எல்லோரும் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் ஆடியாலஜிஸ்ட் மேடத்துக்கு. எந்த ஒலி எவ்வளவு சத்தமாக இருந்தால் கேட்கிறது என்று கோடாகக் காட்டும் ஆடியோகிராம் தாளைக் கையில் கொடுத்து, "மிதமான குறைபாடு, மெஷின் போடணும்" என்ற ஒரே வரியோடு அனுப்பிய இடத்திலிருந்துதான் உங்களிடம் வந்தோம். நீங்கள் அதே தாளில் பென்சிலால் எழுத்துகளை எழுதினீர்கள். கனத்த ஒலிகள் இருக்கும் இடப்பக்கத்தில் ம், ஊ. நடுவில் ஆ. கீச்சென்ற ஒலிகள் இருக்கும் வலது ஓரத்தில் ஷ், ஸ். அந்தத் தாளில் கீழே போகப் போகச் சத்தம் கூடும், அதனால் அவளுடைய காதின் கோட்டுக்குக் கீழே இருப்பவை அவளுக்கு எட்டும், மேலே நிற்பவை எட்டாது என்று விளக்கினீர்கள். ஸ், ஷ் மட்டுமில்லை, த, ப போன்ற மெல்லிய மெய்யொலிகளும் மேலேதான் நின்றன. "கூப்பிட்டா திரும்புறாளே, அப்புறம் எப்படிக் காது கேட்காதுன்னு சொல்றீங்க?" என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. பேச்சின் சத்தம் பெரும்பாலும் உயிரொலியில் இருக்கிறது. சொல்லுக்குச் சொல் வேறுபாடு பெரும்பாலும் மெய்யொலியில் இருக்கிறது. கூப்பிடுவது அவளுக்குக் கேட்டது. என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்பதுதான் பாதி கேட்கவில்லை.

காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தரும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய மூளைதான் பழக வேண்டும், அந்தப் பழக்கம் வீட்டில்தான் நடக்கும் என்று ஒளிக்காமல் சொன்னதற்கும் நன்றி. தூரம் இரட்டிப்பானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) குறைந்துவிடும் என்றீர்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கத்துவது நின்றது. எழுந்து பக்கத்தில் போய்ப் பேசுகிறோம். இதனால் வீட்டில் சண்டையும் குறைந்தது என்பது நீங்கள் எதிர்பார்க்காத பலன்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அக்காவுக்கு என்ன சொல்வது! லிங் என்பவர் வகுத்த ஆறு ஒலிச் சோதனையை நீங்கள்தான் எங்கள் காலை வேலைகளில் ஒன்றாக்கினீர்கள். பல் தேய்ப்பதற்கும் தலை சீவுவதற்கும் நடுவே ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். இந்த ஆறும் பேச்சொலிகளின் கனத்த முனையிலிருந்து கீச்சு முனைவரை பரவியிருப்பதால், ஆறும் கேட்டால் அன்றைக்கு மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று நம்பலாம். நான் அவளுக்குப் பின்னால் பக்கவாட்டில் நின்று சொல்வேன். கேட்டவுடன் அவள் டப்பாவுக்குள் ஒரு பொத்தானைப் போடுவாள். ஒரு நாள் ஸ் சொன்னபோது பொத்தான் கையிலேயே இருந்தது. திரும்பச் சொன்னேன், அசையவில்லை. மெஷினைக் கழற்றிப் பார்த்தால் காதுக்குள் பொருந்தும் அச்சான மோல்டின் குழாயில் ஒரு சொட்டு நீர் கோத்திருந்தது. ஊதியெடுத்து மாட்டியதும் பொத்தான் டப்பாவில் விழுந்தது. இந்தச் சோதனை இல்லையென்றால் அன்று பள்ளியில் நாள் முழுக்க, "கவனிக்கவே மாட்டேங்குறா" என்று பேர் வாங்கியிருப்பாள். சளி பிடித்த ஒரு வாரம் எல்லா ஒலியுமே மங்கியபோது, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்று தொலைபேசியிலேயே கண்டுபிடித்துச் சொன்னதும் நீங்கள்தான்.

உதட்டைப் பார்க்காமல் கேட்கப் பழக்க வேண்டுமென்றால் வாயைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும் என்று யாரோ எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையை வைத்தால் ஒலியே குழம்பிவிடும், அதற்குப் பதில் பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே படத்தைப் பாருங்கள் என்றீர்கள். எவ்வளவு எளிய மாற்றம்! முதலில் கேட்கவிடு, புரியவில்லையென்றால் காட்டு, காட்டிய பிறகு மறுபடி கேட்கவிட்டு முடி. இந்த வரிசையை இப்போது எங்கள் பெரியவன்கூடச் சரியாகச் செய்கிறான். இதில் கடினமானது காத்திருப்பதுதான். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது பெற்றோருக்கு எவ்வளவு பெரிய தவம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சிறப்பாசிரியர் ஐயா, உங்களுக்குத்தான் நிறைய எழுத வேண்டும். காது மெஷின் வந்து, பேச்சும் தெளிந்த பிறகும் வாசிப்பு மட்டும் வரவில்லை. எழுத்துகள் எல்லாம் தெரியும். சொல்லாகச் சேர்க்க வராது. "பாட்டு" என்பதைப் "பாடு" என்று எழுதுவாள், "இல்லை" என்பது "இலை" ஆகிவிடும். பத்துத் தடவை எழுதச் சொல்லுங்கள் என்ற ஆலோசனை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நீங்கள் நோட்டை மூடி வைக்கச் சொன்னீர்கள். எழுதுவதில் வரும் தவறு கேட்பதிலிருந்து வருகிறது என்று அவள் கையைத் தொண்டையில் வைக்கவைத்துக் காட்டினீர்கள். "பாடு" என்னும்போது டு குரலோடு மெத்தென்று வருகிறது. "பாட்டு" என்னும்போது நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் சத்தமே கிடையாது. அந்த இடைவெளியைக் கேட்கத் தெரியாத குழந்தைக்கு ட் என்ற எழுத்து ஏன் அங்கே இருக்கிறது என்பதே விளங்காது. தரையில் கட்டம் போட்டுப் பா, டு என்று இரண்டு தாவல், பா, ட், டு என்று நடுக்கட்டத்தில் நின்று ஒரு தாவல். எங்கள் வரவேற்பறைத் தரையில் அந்தச் சாக்பீஸ் கட்டங்களை இன்னும் அழிக்கவில்லை.

குறில் நெடிலுக்குக் கல், கால், படம், பாடம். அப்புறம் வலி, வழி. ஆனால் எல்லாவற்றையும் காதில் திணிக்க நீங்கள் விடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அரை, அறை இரண்டையும் பலர் பேச்சில் ஒன்றுபோலத்தான் சொல்கிறோம். நாமே வேறுபடுத்திச் சொல்லாததை அவள் எப்படிக் கேட்டுப் பிரிப்பாள், அதைக் கண்ணாலும் பொருளாலும் படிக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். ந, ன விஷயமும் அப்படியே. எதைக் காதுக்குக் கொடுப்பது, எதைக் கண்ணுக்குக் கொடுப்பது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் இருந்ததால்தான் அவள் சோர்ந்துபோகவில்லை. (ழ வரும் சொற்களை முதலில் நான் உங்களிடம் சொல்லிக் காட்ட வேண்டியிருந்ததை மறக்கவில்லை. அந்தத் தேர்வில் எனக்கு நீங்கள் மதிப்பெண் போடாததற்குத் தனி நன்றி.)

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு அம்மாவும் இருக்கிறார். அவருடைய பையனுக்கு ஆடியோகிராம் சரியாகவே இருக்கும், சத்தத்துக்கு நடுவே சொன்னால் மட்டும் எதுவும் பிடிபடாது. காத்திருப்பு அறையில் பழக்கமானவர். ஹெட்ஃபோனில் மாற்றியமைத்த இசையைக் கேட்டாலே வாசிப்பு வந்துவிடும் என்ற பெரிய தொகை கேட்கும் திட்டம் ஒன்றில் நாங்கள் சேரவிருந்தபோது, "ஆதாரம் என்னன்னு கேட்டுட்டுப் பணம் கட்டுங்க" என்றார். தேடிப் பார்த்தோம். ஃபாஸ்ட் ஃபார்வேர்ட் என்ற கணினிவழிக் கேட்டல் பயிற்சியைப் பற்றிய ஆய்வுகளை 2011இல் தொகுத்துப் பார்த்தவர்கள், அது வாசிப்புச் சிக்கலைத் தீர்க்கிறது என்பதற்கு ஆதாரம் காணவில்லை. அது வேறு திட்டம்தான். ஆனாலும் அதைப் படித்த பிறகு எங்களிடம் பணம் கேட்டவரிடம் ஆய்வைக் கேட்டோம்; விளம்பரத் தாள்தான் வந்தது. அந்தப் பணமும், அதைவிட முக்கியமாக அவளுடைய மாலை நேரமும் மிஞ்சின. அந்த மாலைகளில்தான் கட்டம் தாண்டினோம், கதை வாசித்தோம்.

வகுப்பு ஆசிரியைக்கு: கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவதை நிறுத்தினீர்கள். பின் வரிசைப் பிள்ளைகள் சொல்லும் பதிலை மைக்கில் திருப்பிச் சொன்னீர்கள். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டலாமா என்று நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "இவளுக்கு மட்டுமில்ல, எனக்கும் தொண்டை மிச்சம்" என்று சிரித்தீர்கள். சொல்வது சூழ்ந்த இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருந்தால் நல்லது என்று புத்தகங்கள் சொல்லும். ஒட்டிய அன்று உங்கள் வகுப்பு அதற்கு எவ்வளவு கிட்டே போனது என்று அளக்கவில்லை. வீட்டுக்கு வந்தவள், "இன்னைக்கு டீச்சர் சத்தமா பேசுனாங்க" என்றாள்.

வீட்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக. அத்தை, சாப்பாட்டு நேரத்தில் டிவியை அணைக்கச் சொன்னபோது முணுமுணுத்தீர்கள், ஆனால் அணைத்தீர்கள். அதற்குப் பதில் அவளுக்குக் கதை சொன்னீர்கள், பாதியில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கும் வித்தையை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரியவனே, தங்கையிடம் கேட்ட கேள்விக்கு நீ பதில் சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

இன்னும் பாக்கி இருக்கிறது. கூட்டத்தில் யாராவது வேகமாகப் பேசினால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வருகிறாள். நீளமான பத்தியைப் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடுகிறாள். அடுத்த மாதம் மோல்டு மாற்ற வேண்டும், காது வளர்ந்துவிட்டது. ஆகவே உங்களை விட்டபாடில்லை, திரும்பவும் வருவோம்.

ஐயா கொடுத்த பட அட்டைப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது. அடுத்து எந்தக் குடும்பத்துக்கு வேண்டும் என்று சொன்னால் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். ழ வரும் அட்டைகள் மட்டும் கொஞ்சம் கசங்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அவளுடைய அப்பா