லடாக் பயணக் கட்டுரைகளில் தூங்கும் உயரத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே நாளிதழ்களின் பயணப் பக்கங்களில் லடாக் வந்துவிடுகிறது. பாங்காங் ஏரியின் நீலம், கர்துங் லா கணவாயின் பெயர்ப்பலகை, நுப்ரா பள்ளத்தாக்கின் இரட்டைத் திமில் ஒட்டகம் என்று படங்களுக்குக் குறைவில்லை. எந்த இரவு எத்தனை மீட்டர் உயரத்தில் தூங்குவது, ஓடையை எத்தனை மணிக்குள் கடப்பது என்பவை மட்டும் அவற்றில் இருப்பதில்லை. உயிரோடு விளையாடும் விஷயங்கள் இவை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

டெல்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லடாக்கின் முக்கிய ஊரான லேயில் இறங்கிவிடலாம். அந்த ஊர் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். இறங்கிய முதல் சில மணி நேரம் உடம்பு ஒன்றும் சொல்லாது. அதை நம்பி அன்று மாலையே சாந்தி ஸ்தூபிக்குப் படியேறுகிறவர்கள் பலர். தலைவலியும் குமட்டலும் ராத்திரிதான் ஆரம்பிக்கும். முதல் 48 மணி நேரம் லேயை விட்டு நகராமல், மது தொடாமல், அறைக்கும் கடைத்தெருவுக்கும் மெல்ல நடந்துகொண்டு இருப்பதுதான் முறை.

அதற்குப் பிறகு ஒரு கணக்கு இருக்கிறது. 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டால் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு ஏறினோம் என்பதைவிட இரவு எங்கே படுத்தோம் என்பதையே உடம்பு கணக்கில் வைத்துக்கொள்ளும். கர்துங் லா 5,359 மீட்டர். (பலகையில் நெடுங்காலம் இருந்த 18,380 அடி தவறான அளவு, பத்திரிகைகள் இன்னும் அதையே அச்சிடுவது வருத்தமாக இருக்கிறது.) லேயில் பழகிய ஒருவர் அந்தக் கணவாயில் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு நுப்ராவில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது. ஏனென்றால் அங்கே தங்கும் ஹுண்டர் லேயைவிடத் தாழ்வான ஊர், சுமார் 3,100 மீட்டர். பாங்காங் அப்படியல்ல, ஏரிக்கரையே 4,200 மீட்டருக்கு மேல். ஆகவே நுப்ராவை முதலிலும் பாங்காங்கைக் கடைசியிலும் வைக்க வேண்டும். குழந்தைகளோ முதியவர்களோ உடன் இருந்தால் ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு, கீழே தாங்ட்சேயில் வந்து தூங்குவது நல்லது.

சாலை வழியாகப் போகிறவர்களுக்கு மணாலியைவிட ஸ்ரீநகர் பாதைதான் உத்தமம். ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் சுமார் 2,700, ஆல்ச்சி 3,100, பிறகு லே. படிப்படியாக ஏறும் பாதை. மணாலியில் 2,000 மீட்டரில் தூங்கி எழுந்து, மறு இரவே 4,290 மீட்டர் உயரத்தில் சர்ச்சு என்ற இடத்தில் கூடாரத்தில் படுப்பவர்கள் ஒரே நாளில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறிவிடுகிறார்கள். நள்ளிரவில் மூச்சு முட்டினால் அங்கே எந்தப் பக்கம் போவதென்றாலும் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும். மணாலி சாலையைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் திரும்பும்போது பார்க்கலாம். அதற்குள் உடம்பு பழகியிருக்கும்.

மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசிட்டசோலமைட் 125 மில்லிகிராம், காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்பது உயரத்தால் வரும் நோயைத் தடுப்பதற்கான வழக்கமான அளவு. மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், முக்கியமாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள். விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இந்த மருந்தின் குணம், பயப்பட வேண்டியதில்லை. கையடக்க ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை நம்பி மேலே போகக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகாலை அடுத்த காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும். 300 மீட்டர் இறங்கினாலே நிலைமை மாறத் தொடங்குவதுண்டு, 1,000 மீட்டர் இறங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். லேயில் ஓர் ஆண்டில் விழும் மழையையும் பனியையும் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் அளவுதான் தேறும். வாற்கோதுமை வயல், ஓடை, ராஃப்டிங் எல்லாமே 5,000 மீட்டருக்கு மேல் கிடக்கும் பனியும் பனிப்பாறையும் உருகி வரும் நீரை நம்பியவை. உருகுவது சூரியனால் என்பதால் அந்த ஓடைகளுக்கு ஒரு கடிகாரம் உண்டு. விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே தெளிவாக ஓடும் நீர், பிற்பகல் மூன்று மணிக்கு இடுப்பளவு ஏறிச் சாம்பல் நிறத்தில் புரளும். கரையில் நின்று காது கொடுத்தால் அடியில் கற்கள் உருண்டு மோதும் கடகடச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் காலை வைக்கவே கூடாது. பனிப்பாறை வெகு தொலைவில் இருந்தால் உச்ச நீர் இரவில்தான் வந்து சேரும். ஆகவே முகாமை விட்டுச் சீக்கிரம் கிளம்பி, ஆழமான ஓடைகளை முற்பகலுக்குள் முடித்துவிட வேண்டும்.

கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் கழற்றிவிட வேண்டும். விழுந்தால் பையை உதற முடியாதவர்தான் மூழ்குகிறார். ஒடுங்கிய இடம் ஆழமாகவும் வேகமாகவும் இருக்கும், பல கிளைகளாக அகன்று பிரியும் இடமே கடக்கத் தோதானது. வெறுங்காலோடு இறங்க வேண்டாம். நீர் வரும் திசையைப் பார்த்து, கோலை முன்னால் ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்திப் பக்கவாட்டில் போக வேண்டும்.

வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் அடிப்பதும் தவறு. 2010 ஆகஸ்ட் 5 இரவு லேயையும் சுற்றுக் கிராமங்களையும் அடித்துச் சென்ற வெள்ளத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். செடி கொடி இல்லாத சரிவில் மழை விழுந்தால் உறிஞ்ச எதுவுமில்லை, சேறும் பாறையும் சேர்ந்தே இறங்கும்.

சிலிங்கிலிருந்து நிம்மு வரை சான்ஸ்கர் ஆற்றில் ராஃப்டிங் போகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அது காதுவரை ஏறினால் வார் தளர்வாக இருக்கிறது என்று பொருள். பனி உருகிய நீரில் விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாகத் திணறும், அது அடங்கும்வரை மிதந்தால் போதும். அதற்குப் பிறகு கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் ஏறக்குறைய பத்து நிமிடம். மல்லாந்து, கால்களை நீர் போகும் பக்கம் நீட்டி, பாதத்தை மேலே வைத்துக்கொள்ள வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். ஜீன்ஸ் போட்டு வருகிறவரைப் படகில் ஏற்றும் நடத்துனரை நம்பக் கூடாது.

குளிர்காலப் பயணங்களைப் பற்றி எழுதும்போது 'லடாக்கில் பனி குறைவு, அதனால் பனிச்சரிவு பயமில்லை' என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடக் கூடாது. உண்மை நேர்மாறானது. பனி மெல்லிய படலமாக இருந்து, மேலே கடுங்குளிர், கீழே தரையின் வெதுவெதுப்பு என்றால், அடிப்பகுதிப் பனி ஆவியாகி மேலேறி மீண்டும் படிந்து பெரிய பெரிய பரல்களாக மாறுகிறது. கையில் அள்ளினால் நொறுக்கிய கற்கண்டு போலச் சரசரக்கும், உருண்டை பிடிக்க வராது. அந்தப் பரலுக்கு மேல் புதுப்பனி விழுந்தால் 30 முதல் 45 பாகைச் சரிவில் முழுப்பலகையாகப் பெயர்ந்து வரும். 2019 ஜனவரியில் கர்துங் லா அருகே வாகனங்களைப் புதைத்தது பனிச்சரிவுதான். உறைந்த சான்ஸ்கர் மேல் நடக்கும் சாதர் பயணத்துக்கும் இதேபோல ஓர் எச்சரிக்கை: கிளை ஓடை வந்து சேரும் இடத்திலும் நீர் வேகமாக ஓடும் வளைவிலும் உறைபனி மெல்லியதாக இருக்கும். வழிகாட்டி கோலால் தட்டிப் பார்த்து, அவர் காலடி வைத்த இடத்திலேயே நாமும் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன். 6,153 மீட்டர் உயரமுள்ள ஸ்டோக் காங்ரி சிகரம் 2020 முதல் மலையேறுகிறவர்களுக்கு மூடப்பட்டது. அடிவார முகாமின் கழிவு ஸ்டோக் கிராமத்தார் குடிக்கும் ஓடையில் கலந்தது அதற்கு ஒரு காரணம். அங்கே விதைப்புக்கு நீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில். பனிப்பாறை நீர் தாராளமாக வருவதோ ஜூனில். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பொறியாளர் சேவாங் நோர்பெல் செயற்கைப் பனிப்பாறைகளை அமைத்தார், பிறகு சோனம் வாங்சுக் பனி ஸ்தூபிகளை எழுப்பினார். மேட்டு ஓடையிலிருந்து குழாயில் இறங்கும் நீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சியடித்து, இரவுக் குளிரில் கூம்பாக உறைகிறது. கூம்பின் மேற்பரப்பு குறைவு என்பதால் வெயிலுக்கு மெதுவாகவே கரைகிறது. குழாயில் நீரோட்டம் நின்றால் ஒரே இரவில் உள்ளேயே உறைந்து அடைத்துவிடும் என்பதால் கிராமத்தார் குளிரில் காவல் இருக்கிறார்கள். இத்தனை பாடுபட்டுச் சேர்க்கும் நீர் ஓடும் ஓடையில் சோப்பு போட்டுக் குளிப்பதற்கு யாருக்கும் மனம் வராது, விஷயம் தெரிந்தால். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித்தான் பாத்திரமும் துணியும் கழுவ வேண்டும். கிராம வீடுகளின் உலர் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றாமல், அங்கே வைத்திருக்கும் மண்ணையோ சாம்பலையோ அள்ளிப் போட வேண்டும். ஊற்றினால் எரு மக்காது, அடுத்த ஆண்டு வயலுக்கு உரம் இல்லை.

எனவே தங்கள் பயணப் பக்கத்தில் இனி லடாக் கட்டுரை வரும்போது கூடவே ஒரு சிறு பெட்டிச் செய்தி வெளியிடுமாறு வேண்டுகிறேன். இரவு தங்கும் ஊர்கள், ஒவ்வொன்றின் உயரம் மீட்டரில், முந்தைய இரவைவிட எவ்வளவு கூடுதல், வழியில் நடந்து கடக்க வேண்டிய ஓடை உண்டா, உண்டென்றால் எத்தனை மணிக்குள் என்ற விவரங்கள் போதும். ஐந்தாறு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்