லே ஆஃப் விட்டால் என்ன, செய்தால் என்ன

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன்கூட வேலை பார்த்த பெண்ணை லே ஆஃப் செய்துவிட்டார்கள் என்று போனில் சொன்னாய் இல்லையா? அதிலிருந்து உங்கம்மா, "பாதிச் சம்பளம் வரும்ல, அப்புறம் கூப்பிட்டுக்குவாங்க" என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலைகள் நிறைந்த திருவொற்றியூரில் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த வார்த்தை அப்படித்தான் பழக்கம்.

எங்கள் கம்பெனியில் "லே ஆஃப் விட்டுட்டாங்க" என்போம், லீவு விட்ட மாதிரி. கரண்ட் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, செய்த சரக்கு குடோனில் தேங்கிக் கிடக்கிறது, மெஷின் படுத்துவிட்டது என்று முதலாளியால் வேலை கொடுக்க முடியாமல் போகிற நாளுக்குத்தான் 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டம் அந்தப் பெயரை வைத்திருந்தது. வேலை போனதாக அர்த்தமில்லை, பெயர் மஸ்டரில், அதாவது வருகைப் பதிவேட்டில், இருக்கும். ஷிப்ட் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் வேலை கொடுக்கவில்லை என்றால் அன்றைக்கு லே ஆஃப். ஒரு வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். பதிலி ஆளுக்கு அதுவும் கிடையாது. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போய், எட்டு மணிக்கு டி.எச். ரோட்டில் டீ குடித்துவிட்டு, திறக்காத டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வருவேன். மத்தியானம் அதையே தட்டில் போட்டுத் தருவாள் அம்மா.

ஆளை ஒரேயடியாக அனுப்புவதற்கு எங்களிடம் பெயரே வேறு, ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ், சர்வீஸ் வருஷம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம் என்று தனிக் கணக்கு. சங்கத்தில் இந்த இரண்டையும் யாராவது குழப்பிப் பேசினால் பெரியவர்கள் விடமாட்டார்கள், உட்காரவைத்துத் திருத்துவார்கள்.

நீ இருக்கிற அமெரிக்காவில் இன்றைக்கு லே ஆஃப் என்றால் பெரும்பாலும் நம்ம ஆட்குறைப்புதான். திரும்பக் கூப்பிட்டால் அதிர்ஷ்டம், நம்பி உட்காரக் கூடாது. ஆனால் ஃபயர் செய்வதும் இதுவும் ஒன்றில்லை. ஃபயர் என்றால் பொதுவாக ஆள்மேல் குறை என்று அர்த்தமாகும். லே ஆஃப் என்றால் கம்பெனி தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் அடுத்த இன்டர்வியூவில் "ஐ வாஸ் லெய்ட் ஆஃப்" என்று தலைநிமிர்ந்தே சொல்லலாம்.

ஆளைக் குறிக்கிற சொல்லை எங்கே வைக்கிறோம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. "தே லெய்ட் ஹெர் ஆஃப்" என்று நடுவில் வந்தால் அவளுக்கு வேலை போய்விட்டது. "லே ஆஃப் ஹெர்" என்று கடைசியில் வந்தால், அவளைச் சும்மா விடு, நோண்டாதே என்று அர்த்தம். டாக்டர் "லே ஆஃப் ஸ்வீட்ஸ்" என்றால் இனிப்பு பக்கமே போகாதே என்கிறார். என் சுகருக்கு உங்கம்மா தினமும் தமிழிலேயே சொல்கிறாள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். அங்கே பாதிச் சம்பளம் என்றெல்லாம் சட்டத்தில் கிடையாது. அனுப்பும்போது பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றுகூட அந்த நாட்டு மத்தியச் சட்டம் சொல்லவில்லை. கம்பெனி ஒத்துக்கொண்டதுதான் கணக்கு. 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கம்பெனியில் கூட்டமாக அனுப்பினால் 60 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்று 1988இல் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது, அதிலும் விதிவிலக்கு உண்டு. அந்தப் பெண்ணும் உன்னை மாதிரி எச்1பி விசா என்றால், வேலை முடிந்த பிறகு வேறு வேலை பிடிக்கவோ ஊர் திரும்பவோ அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அதனால் கடைசி வேலை நாள் எந்தத் தேதி என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். பணம் தருகிறோம், கையெழுத்துப் போடு என்று காகிதத்தை நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் போட வேண்டாம்.

உன் டீமிலும் பேச்சு அடிபடுகிறதா என்று நீ சொல்லவில்லை. இருந்தால் மறைக்காமல் எழுது.

அப்பா