கோப்பின் தலையில் வைக்கும் நேம்ஸ்பேஸ் வரியை யோசித்து எழுதுங்கள்: எக்ஸ்எம்எல் வடிவங்களை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

புதிய எக்ஸ்எம்எல் வடிவங்களுக்குத் தரம் வகுக்கும் குழுவினருக்கு, வணக்கம்.

தரவை டேக் எனப்படும் பெயர்க்குறிகளுக்குள் வைத்து எழுதும் எக்ஸ்எம்எல் கோப்புகளிலிருந்து அதைப் பிரித்தெடுக்க நிரல் எழுதுவது என் அன்றாட வேலை. அடுத்த வரைவில் கையெழுத்திடுமுன் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வடிவத்துக்கு நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு டேக் எந்தச் சொல்தொகுப்பைச் சேர்ந்தது என்று காட்டும் பெயர், அவசியம்தானா?

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், 'ஆட்டம்' என்ற எக்ஸ்எம்எல் வடிவில் வரும் செய்தியோடை ஒன்றிலிருந்து தலைப்புகளை எடுக்க முயன்றார். கோப்பைத் திறந்தால் 'என்ட்ரி' டேக்குகள் வரிசையாக நிற்கின்றன. எக்ஸ்எம்எல்லுக்குள் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் 'என்ட்ரி' என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை, பிழைச்செய்திகூட இல்லை. சாயங்காலம் வரை எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருந்தார், பாவம். கோப்பின் தலையில் இருந்த 'எக்ஸ்எம்எல்என்எஸ்' வரியால் கீழே உள்ள டேக்குகள் எல்லாமே ஆட்டத்தின் நேம்ஸ்பேஸுக்குள் போய்விட்டன. எக்ஸ்பாத் 1.0-இலோ, முன்னொட்டு (பெயருக்கு முன் முக்காற்புள்ளியோடு வரும், நேம்ஸ்பேஸின் சுருக்கப் பெயர்) இல்லாத பெயர் எந்த நேம்ஸ்பேஸையும் சேராதது. கோப்பில் இல்லாத முன்னொட்டை நிரலில் நாமே வைத்துத்தான் தேட வேண்டும். கண்ணால் பார்ப்பதை நம்பக் கூடாது என்று ஒரு புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு வருத்தமாக இருந்தது.

1999 ஜனவரியில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நேம்ஸ்பேஸைப் பரிந்துரையாக வெளியிட்டபோது நோக்கம் நியாயமானதுதான். புத்தகப் பட்டியலின் 'டைட்டில்' வேறு, எக்ஸ்எம்எல்லில் எழுதப்படும் எஸ்விஜி படத்தின் 'டைட்டில்' வேறு. இரண்டும் ஒரே ஆவணத்தில் வந்தால் மோதக் கூடாது. ஆனால் இப்படிக் கலக்கவே போகாத கோப்புகளும் இந்தச் சுமையைத் தூக்குகின்றன.

நேம்ஸ்பேஸின் பெயராக இணைய முகவரியை வைத்தது இன்னொரு வம்பு. அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடப்படும் வெறும் சரம். ஒரு தளத்தில் 'எச்டிடிபி' என்று இருந்ததையெல்லாம் ஒரே கட்டளையில் 'எச்டிடிபிஎஸ்' ஆக்கினார்கள், பாதுகாப்புக்காக. மறுநாள் எஸ்விஜி ஐகான் ஒன்றுகூடத் தெரியவில்லை. அந்த ஓர் எழுத்தால் பிரவுசருக்கு அது எஸ்விஜியாகவே படவில்லை.

முன்னொட்டில்லாமல் அறிவிக்கும் டிஃபால்ட் நேம்ஸ்பேஸ், டேக்குக்குள் பெயரும் மதிப்புமாக வரும் ஆட்ரிபியூட்டுகளுக்குப் பொருந்தாது என்பதையும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். இதையெல்லாம் விட மோசம், ஆட்ரிபியூட்டின் மதிப்புக்குள்ளேயே முன்னொட்டை வைப்பது. கோப்பின் அமைப்பை வரையறுக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவின் 'எக்ஸ்எஸ்ஐ:டைப்' ஆட்ரிபியூட்டின் மதிப்பு அப்படித்தான். பைத்தான் மொழியின் எக்ஸ்எம்எல் நூலகமான எலிமென்ட்ட்ரீ, கோப்பைத் திரும்ப எழுதும்போது அதனிடம் பதிவு செய்யாத முன்னொட்டுகளை 'என்எஸ்0' என்பதுபோல் மாற்றிவிடும். மதிப்புக்குள் இருப்பது அதற்கு வெறும் எழுத்து, பழையபடி அநாதையாக நிற்கும்.

இந்தச் சுமையைக் குறைக்க முடியும். இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்5-க்குள் எஸ்விஜியை எழுத எந்த அறிவிப்பும் வேண்டாம், பக்கத்தைப் படித்துப் பிரிக்கும் பார்சரே பார்த்துக்கொள்கிறது. எஸ்விஜி 2-இல் இணைப்பு கொடுக்க 'எக்ஸ்லிங்க்' முன்னொட்டு இல்லாமல் வெறும் 'எச்ரெஃப்' போதும்.

ஆகவே, கலப்புக்குத் தேவையில்லை என்றால் நேம்ஸ்பேஸே வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று போதும். பதிப்பு மாறும்போதெல்லாம் அந்த முகவரியை மாற்றாதீர்கள். மதிப்புகளுக்குள் முன்னொட்டு வேண்டவே வேண்டாம். வரைவில் மாதிரிக் கோப்பைக் கொடுக்கும் இடத்திலேயே, அதிலிருந்து ஒரு டேக்கைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத் வரியையும் எழுதிப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வடிவங்களைத் தினமும் படிக்கும் ஒரு நிரலாளர்