பூட்டிக் கிடக்கும் வளவுகளின் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டு ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம்.

கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் பூட்டிக் கிடக்கும் வளவுகளில், அதாவது முற்றத்தைச் சுற்றிக் கட்டிய பெரிய வீடுகளில், உங்களுக்குப் பங்கு இருக்கிறது. சிலருக்கு எட்டில் ஒன்று, சிலருக்கு முப்பத்திரண்டில் ஒன்று. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு முன்னோருக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து போகிறீர்கள். நான் இந்த வட்டாரத்தில் சுண்ணாம்புப் பூச்சும் ஓடு மாற்றும் வேலையும் எடுத்துச் செய்கிறவன். என் பிழைப்பும் இதில் அடக்கம்தான், மறைக்கவில்லை.

வீட்டை என்ன செய்வது என்று நீங்கள் கூடிப் பேசினால் இரண்டு யோசனைகள்தான் வருகின்றன. ஒன்று, ஹோட்டலுக்குக் குத்தகை. அப்படிப் போன சில வீடுகள் பிழைத்தன, நல்லது. ஆனால் எல்லா வீட்டையும் நிரப்பச் சுற்றுலாப் பயணிக்கு எங்கே போவது? இன்னொன்று, பிரித்து விற்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் விலைச்சீட்டோடு சாய்ந்து நிற்கும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. பட்டியல் வந்து ஓடு மாற்றித் தராது.

குடியிருப்பாக மாற்றுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வீட்டைத் துண்டு போடச் சொல்கிறானே என்று கோபிக்க வேண்டாம். உங்கள் முப்பாட்டனார் கட்டியபோதே அது பல குடும்பங்களுக்கான கட்டடம். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், கல்யாணமான மகன்களுக்கு. வேறு வைத்த பிறகு, அதாவது தனிக் குடித்தனம் ஆன பிறகு, புள்ளிக்கு (ஒவ்வொரு தம்பதிக்கும்) ஓர் அடுப்பு. முகப்பும் முற்றமும் எல்லாருக்கும் பொது. சென்னை அடுக்ககப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று எழுதுகிறார்களே, அது இதுதானே?

சிக்கல் இல்லாமல் இல்லை. அந்த அறைகள் இருட்டு; பெட்டகமும் சாமானும் பூட்டி வைப்பதற்காகக் கட்டியவை. இன்றைக்கு அதில் ஒரு குடும்பம் வாழ வேண்டுமானால் அடுத்தடுத்த இரண்டு அறைகளை ஒரு வாசலால் இணைக்க வேண்டும். வெளிச்சத்துக்கு வெளிச்சுவரை உடைக்காதீர்கள். மாடி இல்லாத பக்கத்தில் கூரையில் நாலைந்து கண்ணாடி ஓடு போதும். கழிப்பறையும் குளியலறையும் பின்கட்டில் அமையட்டும். ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீட்டில் இடத்துக்கா பஞ்சம்? குழாய்களைச் சுவருக்குள் புதைக்காமல் வெளியே ஓட விடுங்கள். அழகாக இராது, ஆனால் கசிந்தால் அன்றைக்கே தெரியும்.

சிமெண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சுவரின் அடிப்பகுதி உதிர்கிறதென்று இடுப்பளவு சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தது. ஈரம் அதற்கும் மேலே ஏறியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்திருந்த பழைய பூச்சு, சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்துக்கு உப்புப் பூத்து நின்றது. விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்று சத்தம். இரண்டாவது தட்டுக்குப் பாளமாகக் கையோடு வந்தது. செலவு செய்தே கெடுத்த சுவர் அது.

முற்றத்துக்குப் பிளாஸ்டிக் கூரையும் அப்படித்தான். சூடான காற்று வெளியேறுவது அந்தத் திறப்பு வழியாக. அதை மூடிவிட்டு அறைக்கு அறை ஏசி மாட்டுகிறார்கள். குரங்குக்குப் பயந்தால் கம்பி வலை போடுங்கள். தரையில் உடைந்த கல்லை மட்டும் மாற்றலாம், பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் இன்றும் அந்தத் தரைக்கற்களைக் கண்ணாடியின் மேல் வார்த்துக் கையால்தான் செய்கிறார்கள்.

யார் குடிவருவார்கள் என்று கேட்கிறீர்கள். ஓய்வு பெற்ற உங்களில் சிலரே வரலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன; அங்கே வேலை பார்க்கிறவர்கள் வாடகைக்கு வீடு தேடுகிறார்கள்.

அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும்போது ஓர் உடன்படிக்கை எழுதுங்கள். முகப்பு, முற்றம், சாமி அறை மூன்றும் பொது. அவற்றில் யாரும் தனியாகக் கை வைப்பதில்லை. பராமரிப்புக்குப் பங்கு விகிதத்தில் பணம். ஒரு பங்காளி கையெழுத்துப் போட மறுப்பார், எப்போதும் ஒருவர் மறுப்பார். அவர் இணங்கும் வரை மற்ற வேலைகள் நிற்கட்டும். கூரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓடு மாற்றியாக வேண்டும், ஆவணிக்குள் சொன்னால்தான் ஆள் கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க் கட்டட வேலைக்காரன்